சொந்தக்காரர் வீடு

அலுவலகத்தில் எனக்குக் கடுகு என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். சட்டென்று பொரிந்துவிடுவேனாம். பொரியாமல் என்ன செய்வது? நகராட்சி வீட்டுவசதிப் பிரிவில் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் வீடில்லாத அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். நகராட்சி கட்டுவதோ நான்கு வருடத்துக்கு ஒரு கட்டடம். நான் என்ன, வீட்டை மேசை டிராயருக்குள் பூட்டி வைத்துக்கொண்டா இல்லை என்கிறேன்?

அந்தத் திங்கட்கிழமை புதுக் கட்டடத்துக்கான பெயர்ப் பட்டியலை வாசல் பலகையில் ஒட்டினோம். நாற்பத்தெட்டு வீடு. அதில் பன்னிரண்டு, இரவுக் காப்பகங்களில் படுக்கிறவர்களுக்கு என்று ஒதுக்கியது. அந்தப் பன்னிரண்டுக்கும் மனு கொடுத்த தேதிதான் கணக்கு; முதலில் கொடுத்தவருக்கு முதலில். பசை காய்வதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெயர் இருந்தவர்கள் பலகைக்கு முன்னாலேயே நின்று அழுதார்கள். இல்லாதவர்கள் என் ஜன்னலுக்கு வந்தார்கள்.

பதினோரு மணி வாக்கில் சலவைக்கூடத்து அம்மா வந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். முன்கை முழுக்கச் சூடுபட்ட தழும்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். மடித்து மடித்து நைந்துபோன மனு ரசீதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜன்னல் வழியாக நீட்டி, "எங்க நம்பர் எப்பம்மா வரும்?" என்பார். "வரும்போது பலகையில ஒட்டுவோம்" என்பேன். எங்கள் இருவருக்கும் இடையே இருந்த பேச்சு அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் கேட்டது வேறு.

"பலகையில எங்க பேரு இல்லம்மா."

"இல்லன்னா இல்லதான். அடுத்த கட்டடத்துல பாக்கலாம். நகருங்க, பின்னால ஆள் நிக்கிறாங்க."

"காப்பகத்துல என் பக்கத்துப் பாயில படுக்கிறவ எனக்கு ஒரு வருஷம் கழிச்சு எழுதிக் குடுத்தவ. அவ பேரு ஒன்பதாவதா இருக்குன்னு படிச்சுச் சொன்னாங்கம்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கணக்குக் கேட்க வந்துவிட்டாராக்கும். இதோ பார், உன் இடம் இங்கேதான் இருக்கிறது என்று காட்டி வாயை அடைப்பதற்காகவே ரசீது எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். மூன்றரை வருடத்தில் முதல் தடவையாகத் தட்டினேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: மனு நிராகரிக்கப்பட்டது. காரணம், சொந்த வீடு உள்ளது.

பொரிந்துவிட்டேன். "ஏம்மா, உனக்கே இது நல்லா இருக்கா? சொந்த வீட்ட வச்சிக்கிட்டு, ஒண்டக்கூட இடம் இல்லாத ஜனங்களோட வரிசையில வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?" நீங்கள் என்பதிலிருந்து நீ என்பதற்கு எப்போது இறங்கினேனோ தெரியாது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ த்சு என்று சொன்னார்கள்.

அந்த அம்மா கத்தவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வீடு இருக்காம்மா?" என்றார்.

"இருக்குன்னுதான் போட்டிருக்கு."

"எங்கம்மா இருக்கு? விலாசம் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு இப்பவே போயி இருந்துக்கிறோம்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது வீசியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். அரசாங்கக் கம்ப்யூட்டர் சொல்கிறதென்றால் எங்கேயோ ஒன்று இருக்கத்தான் வேண்டும், தனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று ஒரு நொடி நம்பிய முகம் அது.

"அவரு ஆம்பளைங்க காப்பகத்துல படுக்கிறாரு, நான் பொம்பளைங்க காப்பகத்துல. அது பஸ் ஸ்டாண்டு பக்கம், இது மார்க்கெட்டுக்கு அந்தாண்ட. மூணு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. காலையில ஆஸ்பத்திரி பின்வாசல் பெஞ்சில வந்து உக்காருவாரு, நான் வேலைக்கு உள்ள போற வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம். அவ்வளவுதான் எங்க குடித்தனம்."

வீடே இல்லாத ஆளை அவர் வீட்டுக்காரர் என்றுதான் சொன்னார். நாமெல்லாரும் அப்படித்தானே சொல்கிறோம். ஆனால் அன்றைக்கு அந்தச் சொல் காதில் குத்தியது. "நாளைக்கு வாங்க, பாத்து வைக்கிறேன்" என்றேன். நீங்கள் என்பது திரும்பி வந்திருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பதிவறைக்குப் போனேன். நிராகரித்த மனுக்கள் கீழ்த் தட்டில், தூசியில், தேதிவாரியாகக் கட்டிக் கிடந்தன. குந்தி உட்கார்ந்து தேடியதில் முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. அந்த அம்மாவின் மனு, அவர் மனு கொடுத்த நாளின் கட்டில் கடைசித் தாள். கையெழுத்து என்னுடையது.

எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்களே கேட்டு எழுதுவோம். ஏழாவது கேள்வி: தற்போது குடியிருக்கும் வீடு யாருடையது? எல்லோரும் வாயில் வந்தபடி சொல்வார்கள். "சொந்தக்காரங்க வீட்ல ஒண்டிக்கிட்டு இருக்கோம்" என்பார்கள். நான் அதை உறவினர் என்று படிவத் தமிழில் எழுதிக்கொள்வேன். அதே நாளில் வந்த மற்ற மனுக்களின் கட்டையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினொரு தாள். யாரெல்லாம் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்களோ அவர்களுக்கெல்லாம் உறவினர் என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். கடைசியாக வந்த இந்த ஒருவருக்கு மட்டும், அவர் சொன்ன சொல்லையே எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி ஒரு புள்ளி வைத்திருந்தேன். "சொந்த."

ஏன் பாதியில் நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியும். ஐந்தே முக்காலுக்கு என் பஸ். அதை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான்.

குறிப்பு என்ற கட்டத்தில் "கணவரின் அண்ணன், பின்னறை" என்றும் கிறுக்கியிருந்தேன். ஆனால் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதில்லை. தட்டச்சுப் பையனுக்கு, பையன் என்ன பையன், நாற்பது வயது, இரண்டு பெண்களுக்கு அப்பா, அவனுக்கு மின்னல் என்று பெயர். அவ்வளவு வேகமாக அடிப்பான். ஒரு வாரத்தில் தொள்ளாயிரம் மனு ஏற்றினான். சொந்த என்று பார்த்திருக்கிறான், சொந்த வீடு என்ற கட்டத்தை அமுக்கியிருக்கிறான். அவனிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தான்.

"அக்கா, நீங்க எழுதினதத்தான் அடிச்சேன். அந்தப் புள்ளி மை சிந்தினதுன்னு நெனச்சேன்" என்றான்.

நிராகரித்த கடிதம் மனுவில் இருந்த விலாசத்துக்கு, அதாவது அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறது. அதற்குள் அண்ணன் மகனுக்குக் கல்யாணமாகி, பின்னறை அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டு, இவர்கள் இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். அந்த முப்பது நாளும் எப்போதோ போய்விட்டது. காப்பகச் சான்றிதழையும் அந்த அம்மா என்னிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பெறப்பட்டது என்று முத்திரை குத்தி, எந்தக் கோப்பு என்றுகூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறேன். அதுவும் அந்தச் செத்த கட்டுக்குள்தான் பத்திரமாகக் கிடந்தது.

எங்கள் அதிகாரிக்கு நாளைக்கு என்று பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அன்று மட்டும் உடனே பார்த்தார்.

"பழைய தேதியக் காப்பாத்தணும்னா அலுவலகப் பிழைன்னு குறிப்பு எழுதி, தப்பு செஞ்ச ஊழியர் கையெழுத்துப் போடணும். வியாழக்கிழமை ஒதுக்கீட்டுக் குழு. அதுக்கு முன்னால வரணும். அது வந்தா பின்னாலயே விசாரணையும் வரும்" என்றார். "இல்லன்னா அந்த அம்மாவப் புதுசா ஒரு மனு குடுக்கச் சொல்லுங்க. யாருக்கும் வம்பில்ல."

"புது மனுன்னா காப்பக வரிசையில கடைசிக்குப் போயிடுவாங்க சார். இந்தப் பன்னிரண்டுல வராது. அடுத்த கட்டடத்துக்கு நாலு வருஷம்."

"நாலு வருஷம் எல்லாருக்குந்தான் ஓடுது. சரி, உங்களுக்கு அவ்வளவு மனசு கேக்கலன்னா, ஏத்தினவன் பேர்ல எழுதுங்க. அவன் ஒப்பந்த ஆள்தானே. உங்களுக்கு ஓய்வுபெற இன்னும் எத்தனை மாசம்?"

"பதினாலு."

"யோசிச்சுக்குங்க" என்று கோப்பை என் பக்கம் தள்ளினார்.

யோசித்தேன். நான் ஒன்றும் உத்தமி இல்லை. மின்னல் பெயரை எழுதினால் என்ன என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். குறிப்பைப் படித்திருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்குமே, பாதித் தப்பு அவனுடையதுதானே என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடிப் பார்த்தேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்றதிலிருந்து அது அவர் இலாகா.

"பதினாலு மாசம் வாய மூடிக்கிட்டு இரேன். எதுக்கு ஊர் வம்ப வெலைக்கு வாங்குற?" என்றார்.

"மூணு வருஷமா புருஷனும் பொண்டாட்டியும் தனித்தனியா படுத்திருக்காங்க. என்னால."

"மூணு வருஷமா? குடுத்து வச்ச மனுஷன்" என்று சிரித்தார். "உன் வாயில இருந்து எனக்கு மூணு நாள் லீவு கெடைக்குமா?"

நான் சிரிக்கவில்லை. அவரும் கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெங்காயத் தோலைக் கூட்டிக் குவித்தார். போன வருடம் அவருக்கு நெஞ்சு அடைத்தபோது, பாத்ரூம் கதவைத் தட்டித் தட்டித் திறக்க வைத்தது நான்தான். அதை இருவருமே சொல்லவில்லை. "எழுதிக் குடுத்துடு" என்றார் அவர், வெங்காயத்தைப் பார்த்தபடியே.

மறுநாள் அந்த அம்மா விடிந்ததும் வந்து அலுவலக வாசலில் நின்றார். உள்ளே அழைத்து, நடந்ததைச் சொன்னேன். பட்டியலில் ஒன்பதாவது பெயர் யாருடையது என்று தெரிந்த அவருக்கு, தன் பெயர் எங்கே போனது என்பது அப்போதுதான் தெரிந்தது. தாளைக் கையில் வாங்கி, என் எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். படிக்கத் தெரியாது. "இதுவாம்மா?" என்று கேட்டார். இதுதான் என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

குறிப்பை எழுதினேன். அலுவலகப் பிழை. மனுதாரர் சொன்னது சொந்தக்காரர் வீடு. எழுதியவர் அவசரத்தில் சொல்லை முடிக்கவில்லை. எழுதியவர் நான். கையெழுத்துப் போட்டு, பதவிப் பெயரை எழுதி, தேதி போட்டேன். மின்னல் எதிர் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "அக்கா, டீ சொல்லட்டுமா?" என்றான். "வேலையப் பாருடா" என்றேன்.

வியாழக்கிழமை ஒதுக்கீட்டுக் குழுவில் ஏழு உறுப்பினர்கள். ஒருவர் கேட்டார், "இவங்களுக்குக் குடுத்தா பன்னிரண்டாவது பேரு வெளிய போகுமே, அவங்க சும்மா இருப்பாங்களா?" நியாயமான கேள்விதான். பன்னிரண்டாவது பெயர், பழைய காவல்காரர் ஒருவர். தனி ஆள். அவரும் காப்பகத்தில்தான் படுக்கிறார். இப்படி யோசித்தால் எனக்குத் தலை சுற்றிவிடும் என்று நினைத்தேன், சுற்றவும் செய்தது. இன்னொரு உறுப்பினர், ஒரு அம்மாள், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இருபத்திரண்டு வருஷ சர்வீஸா?" என்றார். ஆமாம் என்றேன். "எழுதத் தெரியாதவங்க உங்களத்தானேம்மா நம்பி வர்றாங்க" என்றார். அதற்கு நின்றுகொண்டே தலையாட்டினேன். கடைசியில் நான்குக்கு மூன்று என்று அந்த அம்மாவின் பழைய தேதி செல்லும் என்று முடிவானது. தரைத்தளம், ஆறாம் எண் வீடு. காவல்காரரின் பெயர் அடுத்த கட்டடத்துக்கு முதலாவதாகப் போனது. அவர் ஜன்னலுக்கு வந்தபோது, எழுந்து நின்று, தப்பு என் மேல்தான் என்று நானே சொன்னேன். அவர் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன்.

விசாரணையும் வந்தது. சம்பள உயர்வை நிறுத்தினார்கள், ஜன்னலிலிருந்து தூக்கிப் பதிவறைக்குப் போட்டார்கள். போவதற்கு முன்னால் கடைசி வேலையாக அந்த ஆறாம் எண் வீட்டை ஒப்படைக்க நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் மூன்று மணி. இருவரும் வாசலில் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு பை. அந்த அம்மாவின் கணவரை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். கட்டடங்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த மனிதர். நல்ல உயரம். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது, இடது காலை இழுத்து இழுத்து வைத்தார். கதவைத் திறந்துவிட்டு, பட்டியலைப் படித்தேன். குழாய் இரண்டு. சுவிட்ச் ஐந்து. ஜன்னல் கொக்கி நான்கு. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து அந்த அம்மா சரி, சரி என்றார்.

கணவர் நேராகச் சுவரிடம் போனார். வலது உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினார்.

"ஒரு கோட்டுதான் அடிச்சிருக்கான். திருட்டுப் பய" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு கணவர் என் பக்கம் திரும்பினார். பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனாலும் புரிந்தது.

"காலையில எத்தனை மணிக்கும்மா வெளிய போகணும்? அங்க ஆறு மணிக்கு எழுப்பி விட்டுடுவாங்க. இங்கயும் ஆறுதானா?"

அந்த அம்மா அவரிடம் போய், தொங்கிய கையைப் பிடித்து, "போக வேணாங்க. இங்க யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றார். அவருக்கு அது சரியாகப் பதியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். யாராவது வந்து சொன்னால் எழுந்துவிடத் தோதாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை நான்கு நாளாக மனதில் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தபோது அது ஒன்றுமேயில்லாத சொல்லாக இருந்தது.

அந்த அம்மா நான் கொடுத்த சாவியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்க தப்பா எழுதினதுக்கு எனக்குக் கோவம் இல்லம்மா. கை ஓடும்போது தப்பு வரும். நான் எத்தன விரிப்பத் தீச்சிருக்கேன். ஆனா பதிமூணு தடவ வந்தேன். பதிமூணு தடவையும் ரசீத நீட்டினேன். ஒரு தடவ, அந்த நம்பர ஒரே ஒரு தடவ தட்டிப் பாத்திருந்தீங்கன்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். போன வருஷம் இவரு காப்பகத்துல படுத்த எடத்துலயே கை கால் இழுத்துக்கிட்டு, வாய் வராம, விடியிற வரைக்கும் கெடந்தாரு. சுத்தி நாப்பது பேரு. குடிச்சிட்டுக் கெடக்கிறாருன்னு நெனச்சாங்களாம். காலையில பெஞ்சுக்கு வரலியேன்னுதான் நான் தேடிக்கிட்டுப் போனேன். சீக்கிரமாக் கொண்டு வந்திருந்தா கை வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நான் பக்கத்துல படுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா? முப்பது வருஷமா அவரு மூச்சு எப்படிப் போவும்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அவர் அழவில்லை.

"நீங்க எழுதிக் குடுத்ததும் தெரியும். உங்கள வேற எடத்துக்கு மாத்தினதும் தெரியும், அந்த கம்ப்யூட்டர் தம்பி சொன்னாரு. நல்லதுதான் செஞ்சீங்க. மன்னிக்கிறதப் பத்தி நான் இன்னும் யோசிக்கலம்மா. மொதல்ல தூங்கணும்."

படிவத்தை நீட்டினேன். கட்டைவிரலை மையில் ஒற்றி, நான் காட்டிய இடத்தில் வைத்தார். பிறகு தரையில் முந்தானையால் ஓர் இடத்தைத் துடைத்து, பையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து விரித்தார். கதவோரம் உட்கார்ந்திருந்தவரைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூட்டிவந்து படுக்க வைத்தார். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அவர் காலில் விழுந்தது. அந்த அம்மாவும் அவர் இடது பக்கத்தில், அந்தக் கையை ஒட்டிப் படுத்துக்கொண்டார்.

நான் என்ன செய்வது என்று தெரியாமல் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்கம்மா" என்றார், கண்ணைத் திறக்காமலே.